துப்பாக்கிக்கு உரிமம் உண்டு, பயணத்துக்கு?

புது தில்லி: நொய்டாவும் காஜியாபாதும் உத்தரப் பிரதேசத்தில் இருக்கின்றன. குருகிராமும் பரீதாபாதும் ஹரியாணாவில் இருக்கின்றன. நடுவில் தில்லி. வேலைக்காகவும் வியாபாரத்துக்காகவும் நாள்தோறும் லட்சக்கணக்கானோர் இந்த மூன்று மாநில எல்லைகளைக் கடந்து போய்வருகின்றனர். எல்லை எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்பதைச் சாலையோரப் பலகை மட்டுமே சொல்கிறது.

ஆனால், உரிமம் பெற்ற துப்பாக்கியுடன் காரில் வருபவருக்கு அந்தப் பலகை சாதாரணமானதல்ல. ஒரு பக்கத்தில் அவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடிமகன். மறுபக்கத்தில், உரிமத்தில் உள்ள ஒரு பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து அவர் குற்றம் சாட்டப்பட்டவராகிவிடலாம். 'செல்லுபடியாகும் பகுதி' என்பதே அந்தப் பத்தி. துப்பாக்கி உரிமத்தைப் பெறுவதற்காக ஆண்டுக்கணக்கில் அலையும் பலர், கைக்கு வந்த பிறகு அந்தப் பத்தியைப் படிப்பதில்லை. வழக்கு பதிவான பிறகே படிக்கின்றனர்.

உரிமை அல்ல, சலுகை

மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி, 2016 டிசம்பர் இறுதியில் நாட்டில் 33.69 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. அவற்றில் 12.77 லட்சம், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவை, உத்தரப் பிரதேசத்தில் இருந்தன. ஜம்மு-காஷ்மீரில் 3.69 லட்சம், பஞ்சாபில் 3.59 லட்சம், தில்லியில் 38,754. தமிழ்நாட்டின் எண்ணிக்கை 22,532 மட்டுமே. துப்பாக்கியைக் குடும்ப கௌரவத்தின் அடையாளமாகக் கருதும் வழக்கம் வட மாநிலங்களில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. துப்பாக்கிப் பயணம் குறித்த சர்ச்சைகள் பெரும்பாலும் தலைநகரைச் சுற்றியே எழுவதற்கும் இதுவே காரணம்.

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல. அமெரிக்க அரசியல் சாசனத்தில் உள்ளதைப் போன்ற உரிமை இங்கு எவருக்கும் வழங்கப்படவில்லை என்பதை 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சுட்டிக்காட்டியது. 1878-ம் ஆண்டில் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த ஆயுதச் சட்டம், இந்தியர்களை நிராயுதபாணிகளாக்கும் நோக்கம் கொண்டது என்று தேசியத் தலைவர்களால் கண்டிக்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகு இயற்றப்பட்ட 1959-ம் ஆண்டுச் சட்டம் 1962 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. தகுதியுள்ள குடிமக்கள் ஆயுதம் வைத்திருக்க அது வழிசெய்தது. ஆனால், வழங்குவதும் மறுப்பதும் எல்லை வகுப்பதும் அரசின் கையிலேயே இருக்கின்றன. 1962-ம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக 2016-ல் வந்த ஆயுத விதிகளும் இதே அடிப்படையில் அமைந்தவையே.

எல்லை வகுக்கும் பத்தி

சாதாரணக் குடிமகனுக்கு மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ வழங்கும் உரிமம், அந்த மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ மட்டுமே பொதுவாகச் செல்லுபடியாகும். நாடு முழுவதும் செல்லத்தக்க உரிமம் குறிப்பிட்ட சில பிரிவினருக்கே எளிதில் கிடைக்கிறது. மத்திய அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், ராணுவ, துணை ராணுவப் படையினர், அகில இந்தியப் பணி அதிகாரிகள், நாட்டின் எப்பகுதிக்கும் மாற்றப்படக் கூடிய அரசு அதிகாரிகள், துப்பாக்கி சுடும் வீரர்கள் ஆகியோர் அப்பிரிவினரில் அடங்குவர். மற்றவர்கள் தங்கள் தேவையை விளக்கி விண்ணப்பித்து, அரசின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும்.

வீடு மாறினாலும் பொறுப்பு உண்டு. நிரந்தரமாகவோ, 30 நாள்களுக்கு மேல் தாற்காலிகமாகவோ வசிப்பிடத்தை மாற்றி, துப்பாக்கியையும் உடன் எடுத்துச் செல்பவர், 30 நாள்களுக்குள் பழைய இடத்தின் அதிகாரிக்கும் புதிய இடத்தின் அதிகாரிக்கும் தகவல் தர வேண்டும். பணி மாற்றத்தாலோ, ஓய்வு பெற்றோ ஊர் மாறுகிறவர்கள் அடிக்கடி தவறவிடும் நிபந்தனை இது.

எல்லை மீறினால் என்ன தண்டனை? இங்குதான் சிக்கல். உரிமத்தின் நிபந்தனையை மீறியதாகக் கருதினால், ஆயுதச் சட்டத்தின் 30-வது பிரிவின் கீழ் அதிகபட்சம் ஆறு மாதச் சிறை அல்லது ரூ.2,000 வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமமே இல்லாமல் ஆயுதம் வைத்திருந்ததாகக் கருதினால் 25-வது பிரிவு பாயும். 2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதற்குரிய தண்டனை குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. வெளி மாநில உரிமத்துடன் பிடிபட்டவர் இவற்றில் எந்தப் பிரிவின் கீழ் வருவார் என்ற கேள்வி நீதிமன்றங்களில் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. தீர்ப்பு வரும்போது பிரிவு மாறலாம். ஆனால், வழக்கு பதிவாகும் இரவில் எந்தப் பிரிவு எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தே ஒருவர் வீடு திரும்புவதும் சிறை செல்வதும் அமைகிறது.

மூடிய உறை, வெற்று அறை

உரிய எல்லைக்குள்ளும் துப்பாக்கியை விருப்பம்போல் தூக்கிச் செல்ல முடியாது. பொது இடங்களில் கைத்துப்பாக்கியை அதற்கென அமைந்த உறையிலோ பையிலோ வைத்தே எடுத்துச் செல்ல வேண்டும். நீண்ட குழல் துப்பாக்கிகளுக்கும் அவற்றுக்குரிய உறை தேவை என்கின்றன 2016-ம் ஆண்டு விதிகள். ஆயுதம் முழுமையாக மூடப்பட்டிருக்க வேண்டும். எடுத்துச் செல்பவரின் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும். பொது இடத்தில் துப்பாக்கியைச் சுழற்றிக் காட்டுவதும் வெடிப்பதும் அடியோடு தடை. திருவிழா, மத ஊர்வலம், பொதுக் கூட்டம், கல்வி நிலைய வளாகம் ஆகியவற்றுக்கு ஆயுதத்துடன் செல்வதை உரிம நிபந்தனைகள் தடுக்கின்றன.

பாதுகாப்பின் அரிச்சுவடி இதைவிட எளிமையானது. பயணத்துக்கு முன் தோட்டாக்களை நீக்க வேண்டும். அறையில் ஒன்று தங்கியிருக்கிறதா என்பதைக் கண்ணாலும் விரலாலும் சோதிக்க வேண்டும். தோட்டாக்களைத் தனியே வைக்க வேண்டும். காரில் துப்பாக்கியை விட்டுவிட்டு உணவகத்துக்குள் போகக் கூடாது. உரிமத்தின் அசல் கையில் இருக்க வேண்டும். துப்பாக்கி தொலைந்தாலோ திருடு போனாலோ உடனே காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆயுதத்துடன் செல்பவரிடம் உரிமத்தைக் காட்டும்படி கேட்க 19-வது பிரிவு காவல் துறைக்கு அதிகாரம் அளிக்கிறது. அதற்கு அடுத்த பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சட்டவிரோத நோக்கம் இருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் தரும் விதத்தில் ஒருவர் ஆயுதம் எடுத்துச் சென்றால், வாரன்ட் இன்றி அவரைக் கைது செய்யலாம். அந்த அதிகாரம் காவலருக்கு மட்டுமன்றி ரயில், கப்பல், விமானம், பிற வாகனங்களில் பணிபுரிவோருக்கும் உண்டு. உரிமம் என்ற காகிதம் எல்லாக் கேள்விகளுக்கும் பதிலாகிவிடாது என்பதற்கு இந்தப் பிரிவே சான்று.

பையின் மூலையில் ஒரு தோட்டா

விமானப் பயணத்தில் நடைமுறை கண்டிப்பானது, ஆனால் தெளிவானது. துப்பாக்கியைக் கைப்பையில் எடுத்துச் செல்ல முடியாது. விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அறிவித்து, உரிமத்தைக் காட்டி, தோட்டா நீக்கப்பட்டதை உறுதி செய்து, பயணத்தின்போது எவர் கைக்கும் எட்டாத வகையில் சரக்குப் பகுதியில் ஒப்படைக்க வேண்டும். தோட்டாக்களைத் தனியே, பாதுகாப்பாகப் பொதிய வேண்டும். சர்வதேச விதிகளின்படி, ஒரு பயணி தன் சொந்த உபயோகத்துக்காக, விமான நிறுவனத்தின் ஒப்புதலுடன், மொத்தம் ஐந்து கிலோ எடைக்குள் மட்டுமே தோட்டாக்களை எடுத்துச் செல்லலாம். தில்லி மெட்ரோ ரயிலில் துப்பாக்கியும் தோட்டாவும் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் உள்ளன.

இந்த விதிகளை அறிந்து முறையாக அறிவிப்பவர்களால் பெரிய பிரச்னை எழுவதில்லை. அறியாமல் வருபவர்களே அகப்படுகின்றனர். தில்லி இந்திரா காந்தி விமான நிலையத்திலும் மெட்ரோ நிலையங்களிலும் ஊடுகதிர்க் கருவியில் பையின் மூலையில் ஒற்றைத் தோட்டா தென்படுவதும், மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் பயணியைக் காவல் துறையிடம் ஒப்படைப்பதும் வாடிக்கையாகிவிட்டது. தந்தையின் உரிமத்துக்குரிய தோட்டா மகனின் பயணப் பையில் கிடந்தது; வேட்டைக்குப் போன உறவினரின் பையை இரவல் வாங்கி வந்தது; கோட்டுப் பையில் என்றோ போட்டு மறந்தது என்று விளக்கங்கள் வருகின்றன. விளக்கம் உண்மையாகவே இருந்தாலும், விமானம் புறப்பட்டுவிடும். முதல் தகவல் அறிக்கை பதிவாகிவிடும்.

சட்டத்தின் கண்ணில் 'வைத்திருத்தல்' என்றால் என்ன என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1972-லேயே விடை கூறிவிட்டது. மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில், பொருள் ஒருவரது உடலோடு ஒட்டி இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது தன்னிடம் இருப்பதை அவர் அறிந்திருக்க வேண்டும், அதன்மீது அவருக்குக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்று விளக்கியது. நடிகர் சஞ்சய் தத் வழக்கில் 1994-ல் அரசியல் சாசன அமர்வும் அறிந்து வைத்திருத்தல் என்ற இந்த அளவுகோலை வலியுறுத்தியது. துப்பாக்கி இல்லாமல் ஒற்றைத் தோட்டா மட்டும் பிடிபட்ட வழக்கு ஒன்றை 2012-ல் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பின்னர் இதே போன்ற பல வழக்குகள் அங்கு ரத்தாகியுள்ளன.

நீதி கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் உயர் நீதிமன்றத்தின் படி ஏறிய பிறகே கிடைக்கிறது. வழக்கறிஞர் அமர்த்த வசதியுள்ளவர் வழக்கை ரத்து செய்யக் கோருகிறார். வசதியில்லாதவர், அறியாமல் நேர்ந்த பிழைக்காக விசாரணை நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு நடக்கிறார். வழக்கு நிலுவையில் இருக்கும் வரை பாஸ்போர்ட்டும் அரசு வேலையும் கேள்விக்குறிதான்.

பிழைப்புக்காகத் துப்பாக்கி

உரிமத்தின் எல்லை மிகக் கடுமையாகத் தாக்குவது செல்வந்தரை அல்ல. நகைக் கடை வாசலிலும் பணம் நிரப்பும் வாகனத்திலும் நிற்கும் காவலாளியை. உத்தரப் பிரதேசம், ஜம்மு-காஷ்மீர் போன்ற மாநிலங்களில் சொந்தத் துப்பாக்கியும் உரிமமும் வைத்திருப்பவருக்குப் பெருநகரங்களில் 'கன்மேன்' வேலை கிடைக்கிறது. நிலத்தை அடகு வைத்தேனும் துப்பாக்கி வாங்கி, அதையே வேலைக்கான தகுதியாக்கிக் கொண்டு ரயில் ஏறுகிறவர்கள் உண்டு. தற்காப்புக்கு என்று பெற்ற தனிநபர் உரிமத்தை வேறு மாநிலத்தில் கூலி வேலைக்குப் பயன்படுத்துவது சட்டப்படி எங்கே நிற்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நிறுவனமே தன் பெயரில் உரிமம் பெற்று, ஆயுதம் ஏந்தும் பணியாளரின் பெயரை அதில் பதிவு செய்ய விதிகளில் இடம் உண்டு. அதற்கு ஆகும் செலவையும் காலத்தையும் தவிர்க்க, காவலாளியின் சொந்தத் துப்பாக்கியையே நம்பும் நிறுவனங்கள் உள்ளன. சோதனையில் பிடிபடும்போது சிறைக்குப் போவது காவலாளி, நிறுவனம் அல்ல.

இந்தத் தேவையை முறைகேடு பயன்படுத்திக் கொண்டதும் நடந்தது. ஜம்மு-காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமங்கள் தகுதியற்றவர்களுக்குப் பணம் பெற்று வழங்கப்பட்டதாக சி.பி.ஐ. குற்றம் சாட்டியது. 2017-ல் ராஜஸ்தான் பயங்கரவாதத் தடுப்புப் படை தொடங்கிய விசாரணையில் வெளிப்பட்ட இந்த விவகாரத்தில் ஆட்சியர்களாக இருந்தவர்களின் வீடுகளிலும் சோதனை நடந்தது. 2021-ல் திருவனந்தபுரத்தில், ஏ.டி.எம். இயந்திரங்களில் பணம் நிரப்பும் வாகனங்களுக்குக் காவலாக வந்த காஷ்மீர் இளைஞர்கள் ஐவர், போலி உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருந்ததாகக் கைது செய்யப்பட்டனர். ஓர் எல்லையில் விற்கப்படும் போலிக் காகிதம் நாட்டின் மறு எல்லை வரை பயணம் செய்கிறது என்பதற்கு இது உதாரணம்.

பதக்கம் வென்றவருக்கும் தடை

துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு எல்லைத் தடை இல்லை. 2004 ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர், 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா என ஒலிம்பிக் பதக்கங்கள் வரத் தொடங்கிய பிறகு, அவர்களுக்கான விதிகள் மேலும் தளர்த்தப்பட்டன. 2019-ம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தபோதும் வீரர்களுக்குத் தனிச் சலுகை தரப்பட்டது.

எனினும், விமான நிலையக் கவுன்ட்டரில் விதி எப்படிப் புரிந்துகொள்ளப்படுகிறது என்பது வேறு விஷயம். 2021 பிப்ரவரியில், பயிற்சிக்காக இரண்டு துப்பாக்கிகளுடன் போபால் செல்ல வந்த மனு பாக்கர் தில்லி விமான நிலையத்தில் தடுக்கப்பட்டார். ஆவணங்கள் இருந்தும் ரூ.10,200 கேட்கப்படுவதாக அவர் சமூக வலைதளத்தில் முறையிட்டார். அப்போதைய விளையாட்டுத் துறை அமைச்சர் கிரண் ரிஜிஜு தலையிட்ட பிறகே விமானம் ஏறினார். விதிகளின்படியே நடந்துகொண்டதாக விமான நிறுவனம் விளக்கமளித்தது. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் அவர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றார். அமைச்சரை எட்டும் குரல் அவருக்கு இருந்தது. மாவட்ட அளவிலான போட்டிக்கு இரண்டாம் வகுப்பு ரயில் பெட்டியில் துப்பாக்கியுடன் செல்லும் மாணவருக்கு அந்தக் குரல் கிடையாது.

குடகின் விதிவிலக்கு

நாட்டிலேயே உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருக்கும் சலுகை பெற்றவர்கள் கர்நாடகத்தின் குடகு மக்கள். ஆங்கிலேயர் காலம் தொட்டு கொடவர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் உள்ள இந்த விலக்கை 2029 அக்டோபர் வரை மத்திய அரசு நீட்டித்துள்ளது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-ல் அதை உறுதி செய்தது. ஆனால், அந்த விலக்குக்கும் பயண எல்லை உண்டு. குடகுக்கு வெளியே செல்லும்போது ஒரு ரைபிளும் 100 தோட்டாக்களும், சாதாரணக் குழல் துப்பாக்கி ஒன்றும் அதற்கு 500 தோட்டாக்களும் என்று வரம்பு விதிக்கப்பட்டது. வீட்டில் வைத்திருக்க நிபந்தனை விதிக்காத அரசும், பயணம் என்றவுடன் எண்ணிக் கணக்குக் கேட்கிறது. இருக்கும் துப்பாக்கியைவிட நகரும் துப்பாக்கியே அரசுக்குக் கவலை தருவது.

தேர்தல் காலத்தில் இந்தக் கவலை உச்சத்தை எட்டும். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமம் பெற்ற ஆயுதங்களைக் காவல் நிலையத்திலோ அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமோ ஒப்படைக்க உத்தரவு வருகிறது. எல்லோருக்கும் ஒரே உத்தரவு என்று பிறப்பிக்கக் கூடாது. யாரிடமிருந்து பெற வேண்டும் என்பதைப் பரிசீலனைக் குழு ஒவ்வொருவரின் நிலையையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று மும்பை, அலாகாபாத் உயர் நீதிமன்றங்கள் வலியுறுத்தியுள்ளன. ஆனாலும், காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி வந்ததும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடுவதே பல மாவட்டங்களில் நடைமுறை. ஒப்படைக்கப் போகும் அந்தப் பயணத்திலும் அசல் உரிமமும் காலி அறையும் மூடிய உறையும் தேவை என்பதைச் சிலரே நினைவில் கொள்கின்றனர்.

யார் மீது கண்டிப்பு?

மறந்துபோன ஒரு தோட்டாவுக்காக விமானப் பயணியை நிறுத்தும் அமைப்பு, திருமண ஊர்வலத்தில் வானை நோக்கிச் சுடுபவரிடம் அதே கண்டிப்பைக் காட்டுகிறதா என்பதே அடிப்படைக் கேள்வி. வட மாநிலத் திருமணங்களில் மகிழ்ச்சிக்காகச் சுடப்பட்ட குண்டு மணமகனையோ, மேடையில் ஆடிய பெண்ணையோ, மாடியில் நின்று வேடிக்கை பார்த்த சிறுவனையோ பலிகொண்ட செய்திகள் ஒவ்வொரு திருமணப் பருவத்திலும் வருகின்றன. 2019-ம் ஆண்டுத் திருத்தம் இதைத் தனிக் குற்றமாக்கி, இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க வகைசெய்தது. அந்தத் துப்பாக்கிகளில் பல, உரிமம் பெற்று, உறையின்றி, தோட்டா நிரப்பி, உரிமம் தடை செய்யும் கூட்டத்துக்குள் பயணம் செய்து வந்தவைதான். பயண விதி அந்த இடத்தில் அமலாகியிருந்தால் தண்டனைப் பிரிவுக்கே வேலை வந்திருக்காது.

தீர்வுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஒவ்வொரு உரிமத்துக்கும் தனி அடையாள எண் தரும் தேசியத் தரவுத்தளம் ஏற்கெனவே உள்ளது. எண் இல்லாத உரிமம் செல்லாது என்பதும் விதி. எல்லைச் சோதனைச் சாவடியிலும் விமான நிலையத்திலும் அந்த எண்ணைச் சரிபார்க்கும் வசதி முழுமையாக வந்தால், போலிக் காகிதம் அங்கேயே அகப்படும்; உண்மையான உரிமம் பெற்றவர் சில நிமிடங்களில் வெளியேறுவார். செல்லுபடியாகும் பகுதி, எடுத்துச் செல்லும் முறை, ரயில், விமான, மெட்ரோ விதிகள், தேர்தல் கால நடைமுறை ஆகிய அனைத்தையும் அந்தந்த மாநில மொழியில் ஒரே தாளில் அச்சிட்டு உரிமத்துடன் தருவதற்குப் பெரிய செலவில்லை. விதிகள் கட்டாயமாக்கியுள்ள பாதுகாப்புப் பயிற்சியில் பயணத்துக்கும் உரிய இடம் வேண்டும். கெட்ட நோக்கமில்லாத ஒற்றைத் தோட்டா வழக்குகளைத் தொடக்கத்திலேயே பிரித்தறியத் தெளிவான வழிகாட்டுதல் இருந்தால், உயர் நீதிமன்றத்தின் சுமையும் ஏழைப் பயணியின் சுமையும் ஒருசேரக் குறையும்.

உரிமம் பெற்றவருக்கும் கடமை உண்டு. பயணத்துக்கு முன் பையைக் கவிழ்த்துப் பார்ப்பதும், உரிமத்தில் எழுதியுள்ள பகுதியைப் படிப்பதும், சந்தேகம் இருந்தால் துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டி வைப்பதும் அவரது பொறுப்பு. அரசு அவருக்கு உரிமம் தந்தது, அக்கம்பக்கத்தார் அவரை நம்பலாம் என்ற உத்தரவாதத்தின் பேரில். அந்த நம்பிக்கை அவரது ஊரில் மட்டுமல்ல, அவர் கடந்து செல்லும் ஒவ்வொரு ஊரிலும் காப்பாற்றப்பட வேண்டும்.